ஈரலுக்கு அத்தி தந்த பெயர்

இத்தாலியர் ஈரலை ‘ஃபேகாத்தோ’ என்கிறார்கள்; ஸ்பானியர் ‘ஈகாதோ’, பிரெஞ்சுக்காரர் ‘ஃபுவா’, ருமேனியர் ‘ஃபிகாத்’. நான்கும் ‘ஃபிகாத்தும்’ என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தவை. அந்தச் சொல்லுக்கோ ஆதியில் ஈரல் என்ற பொருளே கிடையாது. ‘அத்திப்பழம் ஊட்டியது’ என்பதுதான் பொருள். ஈரலுக்கு ‘யேகுர்’ என்ற பழஞ்சொல் தனியே இருந்தது. வாத்துக்கு அத்திப்பழம் ஊட்டி ஈரலைக் கொழுக்கவைக்கும் வித்தையைப் பெண்பன்றிக்கும் கொண்டுவந்தவர் உணவுப்பிரியர் அபிக்கியுஸ் என்று முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். காய்ந்த அத்தியைத் தின்னக் கொடுத்து, கடைசியில் தேன் கலந்த திராட்சை மதுவைப் புகட்டிக் கொல்வார்களாம். அப்படிக் கிடைத்த ஈரல் ‘யேகுர் ஃபிகாத்தும்’. கடையில் ‘ஒரு கிலோ பொன்னி’ என்று கேட்டால் அரிசி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை; அதுபோல ‘யேகுர்’ உதிர்ந்து அடைமொழி மட்டும் நின்றது. பொன்னி எல்லா அரிசிக்கும் பெயராகிவிடவில்லை. ரோமில் அடுத்த படியும் நடந்தது: அத்தியைக் கண்ணால் காணாத விலங்கின் ஈரலும், மனிதனின் ஈரலும் அந்தப் பெயரைப் பெற்றன.

செல்வர் வீட்டுப் பண்டத்தின் பெயர் ஊரெல்லாம் எப்படிப் பரவும் என்று கேட்கலாம். 301இல் பேரரசர் டயோக்ளீஷியன் வெளியிட்ட விலை ஆணை இதற்கு விடை தருகிறது. ஒரு ராத்தல் மாட்டிறைச்சிக்கு 8 தினாரி, பன்றி இறைச்சிக்கு 12, முதல்தர ஃபிகாத்துமுக்கு 16 என உச்சவிலை விதிக்கிறது அது. பன்றி மடியின் விலையோ 20. ஆக, ஃபிகாத்தும் அன்று எட்டாத பொருள் அல்ல. ‘யேகுர்’ துணையின்றி அது அங்கே தனிப் பெயராகவே நிற்கிறது. ‘முதல்தர’ என்று சொல்ல வேண்டியிருந்ததால், தரம் குறைந்ததும் அதே பெயரில் விற்றிருக்க வேண்டும் என்றே நான் கொள்கிறேன். பெயரைப் பரப்பியவர் இறைச்சிக்காரர்.

பலிவிலங்கின் ஈரலைப் பார்த்துக் குறி சொன்ன நாடு ரோம். கோயில் வழக்கு ‘யேகுரை’க் காத்திருக்க வேண்டாமா என்பது இன்னொரு மறுப்பு. ‘யேகுர்’ வேற்றுமை ஏற்கும்போது ‘யேகோரிஸ்’, ‘யேகினோரிஸ்’ என்று தாறுமாறாக உருமாறும். நாவுக்கு ஒத்துவராத சொல்லைச் சடங்கு எத்தனை நாள் காக்கும்? ஃபிகாத்துமின் அழுத்தமும் சந்தை வழக்கையே காட்டுகிறது. இலக்கண லத்தீன் இரண்டாம் அசையை அழுத்தச் சொல்லும். ருமேனியர் அப்படித்தான் சொல்கிறார்கள். இத்தாலியரும் ஸ்பானியரும் முதல் அசையை அழுத்துகிறார்கள். ஏட்டுவழி வந்த சொல் இப்படிப் பிரிந்திருக்காது. ஃபிகாத்தும் கிரேக்க வழக்கைப் பார்த்து அமைந்தது என்பதும் என் வாதத்துக்கு வலுவே. கிரேக்க மருத்துவர் ‘ஹேபார்’ என்றே எழுதிவந்தும், இன்றைய கிரேக்கர் கடையில் கேட்பது ‘சிகோத்தி’. அதற்கும் அத்திதான் வேர்.