விழுப்புரத்தில் தோன்றி மறைந்த ஒரு நாடகக் குழு



கல்லில் வெட்டிய எழுத்து ஆயிரம் ஆண்டு நிற்கும்; செப்பேட்டில் பொறித்த சொல்லும் மண்ணுக்கடியில் காத்துக் கிடக்கும். ஆனால், மேடையில் பேசிய பேச்சும் பாடிய பாட்டும் விளக்கு அணைந்ததும் காற்றோடு கலந்துவிடுகின்றன. கோயில் எடுத்த மன்னர்க்கு வரலாறு உண்டு. கொட்டகை போட்டு நடித்தவர்க்கு வரலாறு உண்டா? இவ்வினாவை மனத்திற்கொண்டு, விழுப்புரத்தில் தோன்றிச் சின்னாட்களில் மறைந்த ஒரு நாடகக் குழுவின் கதையைச் சொல்ல விரும்புகின்றேன். அக்குழுவின் பெயர் திராவிட நடிகர் கழகம்.

விழுப்புரம் அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். தனி மாவட்டத்தின் தலைநகராக அது உயர்ந்தது 1993-ஆம் ஆண்டில்தான். ஆயினும் இருப்புப்பாதையால் அதற்கு முன்பே பெருமை பெற்றுவிட்டது. சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக வரும் பாதை, திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பாதை, காட்பாடிக்குச் செல்லும் பாதை, புதுச்சேரிக்குச் செல்லும் பாதை ஆகியன அங்கே கூடுகின்றன. திரையும் உடுப்பும் ஆர்மோனியமும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் நாடகக்காரர்க்கு இத்தகைய சந்திப்பூர் நல்லதொரு தங்குமிடம். நடிப்புக்குப் புகழ் சேர்த்த சிவாஜி கணேசனின் பெயர் முன்னெழுத்துக்களில் முதலாவது விழுப்புரத்தையே குறிப்பது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அக்காலத் தமிழ் நாடகம் பெரும்பாலும் பாட்டு நாடகமாகவே இருந்தது. 1922-இல் புதுச்சேரியில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய புராண நாடகங்களே இரவு முழுவதும் நடைபெற்றன. அப்புராண வேடத்துக்குள்ளும் அரசியல் புகுந்தது. முருகன் வேடத்தில் நின்று நாட்டு விடுதலைப் பாடல்களைப் பாடிய விசுவநாததாஸ் பலமுறை சிறை சென்றார். 1940-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் மேடையிலேயே உயிர் துறந்தார். மேடைக்கு அரசு அஞ்சியது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

அவ்வச்சம் புதியதன்று. கல்கத்தாவில் வேல்ஸ் இளவரசரின் வருகையையொட்டி ஒரு நாடகம் கேலி செய்தது என்பதற்காகவே, 1876-இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. அவதூறு என்றோ, அரசுக்கு எதிரானது என்றோ, ஒழுக்கத்தைக் கெடுப்பது என்றோ கருதும் எந்த நாடகத்தையும் தடுக்க அது ஆட்சியாளர்க்கு அதிகாரம் தந்தது. நாடகம் நடத்துவோர் தலைக்குமேல் அச்சட்டம் வாள்போல் தொங்கிக்கொண்டே இருந்தது.

இந்நிலையில் 1944 ஆகஸ்டில் சேலத்தில் கூடிய மாநாட்டில் நீதிக்கட்சி, திராவிடர் கழகம் என்னும் பெயர் பெற்றது. சாதி வேற்றுமையையும் மூடநம்பிக்கையையும் சாடும் கருத்துக்களை மேடையேற்ற வேண்டும் என்னும் வேட்கை இளைஞரிடையே பரவியது. பாட்டைக் குறைத்து உரையாடலைப் பெருக்கிய புதிய நாடகங்கள் எழுந்தன. விழுப்புரத்தில் தோன்றிய திராவிட நடிகர் கழகம் அவ்வேட்கையின் ஒரு பிள்ளை.

அக்குழு ஏற்று நடித்த நாடகம் ‘பழனியப்பன்’. அதனை எழுதியவர் அப்போது இருபது வயது இளைஞர். திருவாரூரைச் சேர்ந்த மு. கருணாநிதி. அது அவருடைய முதல் நாடகம். 1944-இல் திருவாரூரில் முதன்முதல் மேடையேறியது. பின்னர் விழுப்புரக் குழுவோடு அவரும் சேர்ந்து நடித்தார். நாடகம் பேச்சை எழுப்பியது, பொருளை ஈட்டவில்லை. கைத்தட்டல் மிகுதியாக இருக்கும் இரவிலும் உலை காயும் என்பது நாடகக்காரர் அறிந்த பழைய உண்மை.

குழு புதுச்சேரிக்குப் பெயர்ந்தது. விழுப்புரத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருப்பினும், அது பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட வேறொரு நாடு. பாரதிதாசன் வாழ்ந்த ஊர். அங்கு 1945-இல் திராவிடர் கழக மாநாடு கூடியது. எதிர்ப்பாளர் புகுந்து கலகம் விளைத்தனர். இளம் நாடகாசிரியர் தெருவில் தாக்கப்பட்டு நினைவிழந்து கிடந்தார். தப்பி வந்த அவருடைய காயங்களுக்குப் பெரியார் ஈ.வெ. இராமசாமி தம் கையாலேயே மருந்திட்டார். பின்னர் ஈரோட்டுக்கு அழைத்துச் சென்று ‘குடியரசு’ இதழில் துணையாசிரியர் பணியும் தந்தார். நாடகக் குழுவில் நடித்த அவ்விளைஞர் 1969-இல் தமிழ்நாட்டின் முதலமைச்சர் ஆனார். குழுவோ, பேச்சுக்குள் அடங்கிய பெயராயிற்று.

இனி, நாம் நின்று நினைக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். இந்நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் நாம் அறிவது எவ்வாறு? ‘நெஞ்சுக்கு நீதி’ என்னும் தன்வரலாற்றில் ஆசிரியரே எழுதியதனால். அதுவும் நிகழ்ச்சி நடந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் எழுதப்பட்டது. அவர் பொய்யுரைத்தார் என்று நான் கூறவில்லை. ஒரு குழுவின் கதையை அதில் புகழ் பெற்ற ஒருவரே சொல்லும்போது, அக்கதை அவருடைய வாழ்க்கைக்கு முன்னுரையாகவே அமைந்துவிடுகின்றது. திரை இழுத்தவர், பெண் வேடம் புனைந்தவர், அடுப்பு மூட்டியவர், கடன் கொடுத்துக் கைவிட்டவர் ஆகியோருக்கும் சொல்வதற்குக் கதை இருந்திருக்கும் அல்லவா? எதிர்த்துக் கூச்சலிட்டவர்க்கும் ஒரு காரணம் இருந்திருக்கும் அல்லவா?

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை அன்று. இலண்டனில் 1975-இல் ‘பங்க்’ எனப்படும் முரட்டு இசையைப் பாடும் குழுவொன்று தோன்றியது. அதன் பெயர் செக்ஸ் பிஸ்டல்ஸ். பெயரும் பேச்சும் ஆங்கிலேயரையே முகஞ்சுளிக்கச் செய்தன. அரசியாரின் வெள்ளி விழா ஆண்டாகிய 1977-இல் அது வெளியிட்ட பாடலை ஒலிபரப்ப பி.பி.சி. மறுத்தது. இரண்டு இசைத்தட்டு நிறுவனங்கள் அக்குழுவை ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. ஒரே ஒரு தொகுப்பை வெளியிட்டபின் 1978 ஜனவரியில் குழு கலைந்தது. அனைத்தும் தம் திட்டமே என்றார் மேலாளர். இல்லவே இல்லை என்றார் பாடகர். வழக்கு மன்றம் வரை சென்ற அப்பூசல் 1986-இல்தான் தீர்ந்தது. படம், ஒலிப்பதிவு, செய்தித்தாள் ஆகிய அனைத்தும் பெருகிய காலத்து நிகழ்ச்சிக்கே ஒன்றுக்கொன்று முரணான இரு வரலாறுகள் உண்டெனில், மண்ணெண்ணெய் விளக்கொளியில் நடந்த நம்மூர் நாடகத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

திண்டிவனத்தில் தலைமையாசிரியராக இருந்தபோது ஒருமுறை மாணவர்களை அவரவர் பாட்டனார், பாட்டிமாரிடம் பழைய நாடகங்களைப் பற்றிக் கேட்டு எழுதி வரச் செய்தேன். ஒரு முதியவர் பாட்டுக்களை மட்டுமே நினைவு கூர்ந்தார். மற்றொருவர், நாடகம் பார்க்கப் போனதற்காகத் தம் தந்தையிடம் அடிபட்டதைச் சொன்னார். ஒரு மூதாட்டியாரோ, “எங்களைப் பார்க்க விட்டால்தானே ஐயா சொல்வதற்கு?” என்று கேட்டாராம். அவ்வொரு வினாவில், எந்த நூலிலும் நான் படித்திராத நாடக வரலாற்றுப் பகுதியொன்று இருந்தது. அத்தாள்களை நான் அப்போது பத்திரப்படுத்தவில்லை. அம்முதியோர் மூவரும் இன்று இல்லை. இதனை வருத்தத்தோடு உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் வழி முற்றும் அடைபட்டுவிடவில்லை. நாடகத்தை அடக்க முனைந்த அரசே அதனைப் பற்றிக் குறிப்பெழுதி வைப்பதும் உண்டு. தடுக்கப்பட்ட நூல்களும் ஆணைகளும் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. நண்பர் மறந்ததைச் சில வேளைகளில் பகைவர் காத்து வைப்பார். 1876-ஆம் ஆண்டுச் சட்டம் 2018-இல் நீக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் 1954-இல் சென்னை மாநிலத்தில் அதே போக்கில் இயற்றப்பட்ட நாடகச் சட்டத்தை 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. சட்டங்கள் போயின, அவை விட்டுச்சென்ற தாள்கள் உள.

ஆதலின், மாணவ நண்பர்களே, வரலாறு படிக்கும்போது, “யார் சொன்னது? எப்போது சொன்னது? உடனிருந்து சொல்லாமற்போனவர் யார்?” என்னும் மூன்று வினாக்களையும் மறவாதீர்கள். ஒரு கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. ஆனால் அதன் வரலாற்றை ஒருபுறமாகவே கேட்டு அமைவது கல்விக்கு அழகன்று. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ உங்கள் வீட்டுப் பரணில் பழைய நாடக விளம்பரத் தாள் ஒன்று கிடந்தால், அதனைப் பழைய தாள் வாங்குவோருக்குப் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள பெயர்களைப் படித்துப் பாருங்கள். திரை இழுத்தவர் பெயர் அதில் இருக்கவும் கூடும்.