கே-2 மீட்டர் பொள்ளாச்சிக்கு வந்த கதை

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. தலைப்பக்கம் ஐந்து குட்டி விளக்குகள். பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும். பாழடைந்த பங்களாவில் நள்ளிரவில் நாலு பேர் நிற்க, சிவப்பு எரிந்ததும் ‘இங்க யாரோ இருக்காங்க’ என்று ஒருவர் கிசுகிசுப்பதை யூடியூபில் பார்த்திருப்பீர்கள். அவர் கையில் இருப்பதுதான் கே-2 மீட்டர்.

பேய்க்கும் இதற்கும் பிறப்பில் எந்த உறவும் இல்லை. 1979இல் நான்சி வெர்தைமர், எட் லீப்பர் என்ற இருவர் அமெரிக்காவின் டென்வர் பகுதியில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். அதிக மின்சாரம் ஓடும் கம்பிகளுக்கு அருகில் குடியிருந்த குழந்தைகளிடம் புற்றுநோய் கூடுதலாகத் தெரிகிறது என்றது அந்த ஆய்வு. பெற்றோர் பதறினார்கள். வீட்டுக்குள் மின்காந்தப் புலம் எவ்வளவு என்று தாங்களே அளந்து பார்க்கச் சின்ன மீட்டர்கள் கடைக்கு வந்தன. கே-2 அந்தக் குடும்பத்துப் பிள்ளை. ஆரம்பத்தில் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் அது வேலை செய்யும். ஃபிரிட்ஜ் பக்கம், கட்டில் பக்கம் காட்டிப் பார்த்துவிட்டு எடுத்து வைத்துவிடலாம்.

2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘கோஸ்ட் ஹன்டர்ஸ்’ தொடங்கியது. பகலில் பிளம்பர் வேலை, இரவில் பேய் தேடல் என்று இருந்த இருவர் அதன் நாயகர்கள். அந்த மாதிரி நிகழ்ச்சிகள் வழியாக மீட்டர் பேய் ஆய்வாளர்கள் கைக்குப் போனது. விடிய விடியப் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க முடியாது என்பதால் இடுக்கில் ஒரு நாணயத்தைச் செருகினார்கள். வீட்டுச் சாமானாக இருந்தது இப்படித்தான் ராத்திரிக் காவலுக்குப் போனது. இந்தியாவில் 2009இல் கௌரவ் திவாரி ‘இந்தியன் பாராநார்மல் சொசைட்டி’யைத் தொடங்கிய பிறகு, இளைஞர்கள் பலருக்கு இதில் ஆசை பிறந்தது. அவர் 2016இல் இறந்துவிட்டார், ஆசை இறக்கவில்லை. இன்று ஆன்லைனில் ஆர்டர் போட்டால் பொள்ளாச்சிக்கு வீடு தேடி வந்துவிடுகிறது.

விளக்கு சொல்வது என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. சிவப்பு எரிந்தால் காந்தப் புலம் 20 மில்லிகாஸைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பொதுமக்களுக்கான சர்வதேச வழிகாட்டு வரம்பு 2010இன்படி 2000 மில்லிகாஸ். ஆகவே சிவப்பு என்றால் ஆவியும் இல்லை, உடனடி ஆபத்தும் இல்லை. பக்கத்தில் செல்போன் சிக்னல் தேடினாலே விளக்குகள் துள்ளும். இறந்தவர்களுக்கும் காந்தப் புலத்துக்கும் தொடர்பு உண்டு என்று எந்த ஆய்வும் நிறுவவில்லை.

அப்படியானால் பயனே இல்லையா? உண்டு. ஆனைமலை ரோட்டில் ஒரு தென்னந்தோப்புச் சாளையில் அதை நேரிலேயே பார்த்தேன். அங்கே ஒரு பாட்டி தனியாக இருந்தார். “ரண்டு மணிக்கு மேல செவுரே மொணங்குது கண்ணு. கை வெச்சா ஜிவ்வுங்குது” என்றார். காத்து கருப்பு என்று தாயத்து கட்டியாகிவிட்டது, மந்திரித்தும் பார்த்தாகிவிட்டது. வீடியோ எடுக்க வந்த பையன்கள் போன்களை அணைத்துவிட்டு, மீட்டரைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டே போனார்கள். பத்து மணிக்குப் பச்சைதான். இரண்டு மணிக்கு மேல் கட்டிலின் தலைமாட்டில் ஐந்து விளக்கும் ஒருசேர எரிந்தன. சுவர் முனகத் தொடங்கியது. ஒரு பையன் ஓடவில்லை. “ஆத்தா, இந்தச் செவுத்துக்கு அந்தாண்ட என்னங்க இருக்குது?” என்று கேட்டான்.

அந்தாண்டை மோட்டார் ரூம். தோட்டத்துக்கு மும்முனைக் கரண்டு அந்த நேரத்துக்குத்தான் வருகிறது. வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் தானாக மோட்டாரை ஓடவிடுகிறது. காலையில் வந்த எலெக்ட்ரீஷியன் சுவரில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் எரிந்தது. ஸ்டார்ட்டருக்குப் போகும் பழைய ஒயரின் தோல் உரிந்து ஈரச் சுவரில் கசிந்துகொண்டிருந்தது. எர்த் கம்பி அறுந்து கிடந்தது. இன்னொரு மழைக்காலம் போயிருந்தால் அந்தச் சுவர் பாட்டியின் உயிரைக் குடித்திருக்கும். தாயத்து கட்டியவர்கள் யாரும் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க வைத்தது அந்தப் பையனின் கேள்வி. கருவியைவிட அந்தக் கேள்வியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

மீட்டரே இல்லாமல் அப்படிக் கேட்டுக்கொண்டு திரிந்த மனிதர் ஒருவர் உண்டு. கேரளத்துத் திருவல்லாவில் 1898இல் பிறந்த ஆபிரகாம் கோவூர், 1928இல் இலங்கைக்குப் போய் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்தார். 1959இல் ஓய்வு பெற்றபின் பேய் வீடுகளைத் தேடிப் போவதே அவருக்கு முழுநேர வேலையாகிவிட்டது. அற்புதம் காட்டுபவருக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு என்று 1963இல் சவால் விட்டார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. ஆனால் என்னை ஈர்ப்பது அந்தச் சவாலைவிட, அவர் வீட்டிலுள்ளவர்களோடு பேசிய விதம். ஓட்டின்மேல் கல் விழுகிறது என்றால், அந்த வீட்டில் யார் வாய்விட்டுச் சொல்ல முடியாத வேதனையில் இருக்கிறார் என்று தேடுவார். கண்டுபிடித்தால் அடிக்கச் சொல்லமாட்டார். சிகிச்சைக்கு வழி பார்ப்பார்.

நம் ஊர் ஆய்வாளர்கள் கற்க வேண்டியதில் பாதி இங்கேதான் இருக்கிறது. அந்தப் பரிவு இல்லாத இடத்தில் நடந்ததைப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். பேய், பில்லி, சூனியம் என்று சொல்லித்தான் பல குடும்பங்கள் நோயாளிகளை அந்த ஊருக்குக் கொண்டுபோய் விட்டன. அங்கே அவர்களை உட்காரவைத்து விசாரிக்க யாரும் இருக்கவில்லை.

மீட்டர் வாங்கிய தம்பி, தங்கைகளே, தாராளமாகப் போங்கள். இரவில் கண்விழித்து, எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று எழுதி வையுங்கள். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். அழும் பெண்ணின் முகத்தை வீடியோவில் போடாதீர்கள். சுவரில் கை வைத்தால் ஜிவ்வென்றால் மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீட்டில் ஒரு மனிதர் நடுங்கினால், கோடாங்கியைக் கூப்பிடும் முன் 14416க்கு அழைக்கச் சொல்லுங்கள். அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.