லயத்து ஈரமும் சித்திரைக் கறையானும்

ஹட்டன் பக்கத்துத் தோட்ட லயத்தில் வளர்ந்தவன் நான். ஒரு சித்திரையில் அப்பாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைத் தேடி மரப்பெட்டியைத் திறந்தோம். கறையான் தின்றதுபோக மண்தான் மிச்சமிருந்தது.

அந்த அழிவு சித்திரையில் தொடங்கியதல்ல. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை; மார்கழி, தையில் பனி. லயத்துச் சுவர் காய்வதேயில்லை. உடைந்த பீலியால் வழியும் நீர் அத்திவாரத்தில் இறங்கும். கறையானின் உடல் எளிதில் உலர்ந்துவிடும் என்பதால் அது ஈரத்தைத் தேடியே வாழும். நனைந்த சுவரிலும் விறகிலும் மண்குழாய் கட்டி ஏறும். மார்ச், ஏப்ரல் இடிமழைக்குப் பின் வீட்டுக்குள்ளிருந்து ஈசல் கிளம்பினால், கூடு ஏற்கெனவே முதிர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஈரத்தில் பெருகும் இராமபாணப் பூச்சியும் காகிதத்தையும் பசையையும் அரிக்கும்.

கூரையும் பீலியும் திருத்துவது நிர்வாகத்தின் கையில். நம் கையில் உள்ளவற்றைப் பெப்ரவரி வெயிலிலேயே செய்வோம்:

- விறகைச் சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி, கல்லின்மேல் அடுக்குங்கள்.
- கானில் தேங்கிய குப்பையை அள்ளுங்கள்.
- பெட்டியைச் செங்கல்மேல் தூக்கி, சுவரில் படாமல் வையுங்கள்.
- பத்திரங்களை நன்கு உலர்த்திய பிறகே இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் இடுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும்.

2003ஆம் ஆண்டுச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை தந்தது. ஆனாலும் நாம் யாரென்று ஒவ்வொரு கந்தோரிலும் சொல்வது காகிதம்தான். இடப்பெயர்வில் அதைத் தொலைத்து அலைந்த வன்னி உறவுகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.