ஆடிப்பட்டமும் கொல்லைப் பந்தலும்

தமிழக உழவு வழக்கில் விதைப்புக்குரிய காலம் பட்டம் எனப்படும். சித்திரைப்பட்டம், தைப்பட்டம் என அவை பலவாயினும், வீட்டுக் காய்கறிக்கு உரியதாக மக்கள் தேர்ந்தது, கோடை வெம்மை தணிந்து மேல்காற்று வீசும் வேளையில், ஜூலை நடுவில் பிறக்கும் ஆடிப்பட்டத்தையே. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழி வயலுக்கும் பொதுவானதுதான் எனினும், அவரை, புடல், பீர்க்கு, பாகல், சுரை ஆகியவற்றை வீட்டின் பின்புறத்தில் ஊன்றிவந்த பெண்களே அதை வழுவாமல் கைக்கொண்டவர்கள் எனலாம்.

அப்பின்புறம் தஞ்சைப் பகுதியில் கொல்லை என்றும், கொங்கு நாட்டில் பொடக்காளி என்றும், வேறு பல ஊர்களில் புழக்கடை என்றும் வழங்கும். புழை என்பது சிறுவாயில். புழைக்கடையே பேச்சில் புழக்கடையாயிற்று. சங்க நூல்களில் கொல்லை என்பது பெரும்பாலும் முல்லை நிலத்துப் புன்செய்யைக் குறிக்க, மனையை ஒட்டிய தோட்டத்துக்குப் படப்பை என்ற சொல் ஆளப்பட்டது. புறநானூற்றின் 116ஆம் பாட்டில் கபிலர், தந்தையை இழந்த பாரி மகளிர் வாழ்ந்த சிறுவீட்டின் பக்கத்தில் பீர்க்கும் சுரையும் படர்ந்திருந்ததைக் காட்டுகிறார். பறம்பின் செல்வத்தை இழந்தவர்களின் எளிய மனையைச் சொல்ல அவ்விரு கொடிகளே அவருக்குப் போதுமாயிருந்தன என்பதிலிருந்து, அவை எத்துணைப் பழகிய காட்சி என்பது விளங்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் தமிழகத்தின் பெரும்பகுதிக்கு, ஆடி, ஆவணி மாதங்களில் கிடைப்பவை மாலைநேரத்து வெப்பச்சலன மழைகளே. அவை விதை முளைக்க உதவுமேயன்றி, வேர் அழுகுமளவுக்கு நீர் தேங்க விடுவதில்லை. புடலும் பீர்க்கும் ஏறத்தாழ இரு மாதங்களில் காய்க்கத் தொடங்குவதால், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வலுக்குமுன் பந்தலேறிப் பலன் தந்துவிடும். அவரையின் கணக்கு வேறு. நாட்டுக் கொடியவரை, பகற்பொழுது குறுகினாலன்றிப் பூக்காத இயல்புடையது; ஆகவே ஆடியில் ஊன்றிய கொடி, மழைக்காலத்தில் இலையும் தண்டுமாகப் பெருத்து, கார்த்திகையை ஒட்டிப் பூத்து, மார்கழியிலும் தையிலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பொங்கல் நாளின் கூட்டில் அவரையும் மொச்சையும் இடம்பெறுவது இக்கணக்கின் விளைவேயாகும். கதிரவனுக்குப் படைக்கும் நாளில், கதிரவனின் நடையறிந்து பூக்கும் கொடியின் காய் படைக்கப்படுவது எவ்வளவு பொருத்தமானது!

இத்தோட்டத்துக்கெனத் தனிச் செலவு இருந்ததில்லை. பாத்திரம் கழுவிய நீர் வாய்க்காலாக ஓடிப் பாத்தியை நனைத்தது. அடுப்புச் சாம்பல், அவரைப் பூங்கொத்தில் மொய்க்கும் அசுவினியின் மேல் தூவப்பட்டது. விதையும் வீட்டினுடையதே. முதிர்ந்த பீர்க்கங்காய் கொடியிலேயே நெற்றாகிப் பின் அடுப்படியில் புகைபடத் தொங்கியது. கத்தரி விதை சாணத்தோடு பிசைந்து சுவரில் அப்பிக் காயவைக்கப்பட்டது. குடைந்து உலர்த்திய சுரைக்குடுக்கை விதைக்கலமாயிற்று.

பதினாறாம் நூற்றாண்டு முதல் போர்த்துக்கீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்துச் செடிகள் இக்கொல்லைக்குள் புகுந்தன. பறங்கியர் எனப்பட்ட அவர்களின் பெயரைப் பறங்கிக்காய் இன்றும் தாங்கியுள்ளது. மிளகின் காரத்தை ஒத்ததால் மிளகாய் அப்பெயர் பெற்றது. மணத்தக்காளி போன்ற உள்நாட்டுச் சிறுகனிகளுக்குரிய தக்காளி என்னும் பெயர் புதிய செடிக்கு மாறியது. திவசச் சமையலில் மிளகாயையும் தக்காளியையும் விலக்கி, மிளகையும் அவரை, புடல், பாகல், வாழைக்காய் போன்ற நாட்டுக் காய்களையும் கொள்ளும் குடும்ப வழக்கம், அம்மாற்றத்துக்கு முந்தைய கொல்லை எப்படியிருந்தது என்பதற்கு எழுதப்படாத சான்றாகும்.

வீட்டுமனைகள் சுருங்கி, கழிவுநீர் குழாய்க்குள் சென்று, காய்கள் சந்தையிலிருந்து நாள்தோறும் வரத் தொடங்கியபின் பந்தல்கள் குறைந்தன. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய செடியவரை வகைகள், பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாது எப்பருவத்திலும் காய்ப்பவை, பந்தலும் வேண்டாதவை. உழவர்க்கு அவற்றால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் வீட்டுத் தோட்டத்தில் உண்மையான இழப்பு பந்தலன்று, விதையே. ஒவ்வொரு வீடும் தன் மண்ணுக்கும் நாவுக்கும் ஏற்பத் தேர்ந்தெடுத்த அவரையின் நிறமும் பட்டையும், தொடர்ந்து சில ஆண்டுகள் ஊன்றாது விட்டால் விதையின் முளைப்புத்திறன் அழிய, அதனோடு மறைபவை. மாடித் தோட்டத்துக்கென இன்று ஆடியில் விதைப்பொட்டலம் வாங்குவோர், ஊரில் எஞ்சியுள்ள ஒரு மூதாட்டியிடம் ஒரு பிடி நாட்டவரை விதையையும் கேட்டு வாங்கி ஊன்ற வேண்டும்.