காற்பந்துக் குழுக்களும் புரவலர்களும்

ஒரு காற்பந்துக் குழு எதனால் வாழ்கிறது என்று கேட்டால், ஆட்டக்காரரின் திறமையாலும் ரசிகரின் ஆதரவாலும் என்று விடை கூறுவது எளிது. கணக்குப் புத்தகத்தைப் புரட்டுபவருக்கோ வேறு விடை கிடைக்கும். ஆட்டக்காரர் சம்பளம், பயணச் செலவு, தங்கும் செலவு, திடல் வாடகை ஆகியவை வெற்றி தோல்வி பாராமல் மாதந்தோறும் வாசலில் வந்து நிற்பவை. மேல்நிலை லீக்கில் ஆடும் பெருங்குழுக்களுக்கு ஒளிபரப்பு உரிமையும் விளம்பரமும் கைகொடுக்கும். கீழ்நிலை லீக்குகளில் ஆடும் சிறு குழுக்களுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. நுழைவுச்சீட்டில் வரும் பணம் சம்பளத்தின் ஒரு பகுதிக்கே போதுமானதாக இராது. வரவுக்கும் செலவுக்கும் இடையில் உள்ள பள்ளத்தை நிரப்ப ஒரு செல்வந்தரோ ஒரு நிறுவனமோ வரும்போது ஊரே மகிழ்கிறது. அவர் விலகிச் செல்லும் நாளில் குழுவின் கதி என்ன என்பதை அந்த மகிழ்ச்சியின் நடுவே எவரும் கேட்பதில்லை. மலேசியத் தமிழரின் தோட்ட வரலாறு இந்தக் கேள்விக்கு நெடுங்காலத்துக்கு முன்பே விடை கூறியிருக்கிறது.

தோட்டத் திடலின் காலம்

சிலாங்கூரின் வட பகுதி தோட்டங்களால் உருவான நிலம். கடலோரமாகத் தஞ்சோங் காராங், சிகிஞ்சான் எனத் தொடங்கி சுங்கை பெசார், சுங்கை பஞ்சாங், சபாக் பெர்ணம் வரை நெல்வயலும் தென்னையும் பரந்து கிடக்க, உட்பகுதியில் ரப்பரும் செம்பனையும் வளர்ந்தன. இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் கோலசிலாங்கூர் வட்டாரத்தைச் சேர்ந்த தென்னமாரத்தில் அமைந்தது. அதை உருவாக்கியவர் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோகொன்னியே. காடழித்துக் கன்று நட்டு அத்தகைய தோட்டங்களை வளர்த்த கரங்களுள் பெரும்பகுதி தமிழ்க் கரங்கள் என்பதை விளக்கத் தேவையில்லை.

லயமும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் அமைந்த தோட்டங்கள் பலவற்றில் ஒரு திடலும் இருந்தது. விடியற்காலையில் பால்மரம் வெட்டச் சென்று திரும்பிய இளைஞர்கள் மாலையில் அங்கே பந்து உதைத்தனர். தோட்டத்துக்குத் தோட்டம் போட்டிகள் நடந்தன. திடல் நிர்வாகத்துக்குச் சொந்தமானது. பந்தும் சட்டையும், வெளித்தோட்டத்துக்குச் செல்ல லாரியும், பெரும்பாலும் நிர்வாகத்தின் இசைவினாலேயே கிடைத்தன. விளையாட்டில் விருப்பமுள்ள துரை வாய்த்தால் குழு செழித்தது. அவர் மாற்றலாகிச் சென்று விருப்பமில்லாத ஒருவர் வந்தால் குழு வாடியது. ஆட்டம் தொழிலாளருடையதாக இருந்தது. ஆனால் ஆடுவதற்கான வசதி அவர்களுடையதாக இல்லை.

இந்தப் பலவீனத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது தோட்டத் துண்டாடல். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய நிறுவனங்கள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றனர். வேலையை இழந்த தொழிலாளி வீட்டையும் சேர்த்தே இழந்தான். பிற்காலத்தில் ரப்பருக்குப் பதிலாகக் குறைந்த ஆட்களே தேவைப்படும் செம்பனை வந்தது. அதன் பிறகு தோட்ட நிலங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. குடும்பங்கள் பட்டணம் நோக்கிக் கலைந்தபோது, கோயிலையும் பள்ளியையும் காக்கக் குரல் எழுப்பச் சிலர் இருந்தனர். திடலுக்காகக் குரல் எழுப்பியவர் மிகச் சிலரே. அது தங்களுடையது என்று கூறத் தொழிலாளரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இருக்கவில்லை.

பத்து வெள்ளியின் வலிமை

அதே துண்டாடலுக்கு எதிராக எழுந்த மற்றொரு முயற்சி இங்கு நினைவுகூரத்தக்கது. துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளி வீதம் செலுத்தித் தொழிலாளர்கள் உறுப்பினராயினர். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. பெருஞ்செல்வர் ஒருவர் மனமிரங்கி அந்தத் தோட்டத்தை வாங்கித் தந்திருந்தால், அவர் மனம் மாறிய நாளில் அது மீண்டும் கைமாறியிருக்கலாம். ஆயிரக்கணக்கானோரின் சிறு தொகையால் வாங்கப்பட்டதால், தலைவர்கள் மாறிய பின்னரும் சங்கம் நிலைத்தது. கொடையாகப் பெற்றதற்கும் உடைமையாகக் கொண்டதற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

மிஃபாவின் எழுச்சியும் மறைவும்

காற்பந்தில் இந்தப் பாடம் போதிய அளவுக்குக் கற்கப்படவில்லை. சிலாங்கூர்க் குழுவின் கோல் காவலராக விளங்கி, "ஸ்பைடர்மேன்" எனப் போற்றப்பட்ட ஆர். ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் மறைந்தார். அவர் காலத்துக்குப் பின் தேசியக் குழுவில் இந்திய இளைஞரின் எண்ணிக்கை குறைந்து வருகிறது என்னும் கவலை பலமுறை எழுந்தது. அக்கவலைக்கு விடையாக மலேசிய இந்தியர் விளையாட்டு மன்றமும் மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமும் சேர்ந்து வளர்த்த குழுவே எம்.ஐ.எஸ்.சி.-மிஃபா. மூன்றாம் நிலையான எஃப்.ஏ.எம். லீக்கில் ஆடிய அக்குழு, 2017இல் பிரீமியர் லீக்குக்கு உயர்ந்தது. தோட்டப்புறத்திலும் குடியிருப்புப் பகுதியிலும் பந்து உதைத்த பிள்ளைகளுக்கு அது ஓர் ஏணியாகத் தோன்றியது.

உயர உயரச் செலவும் உயர்ந்தது. தொழிலதிபர் விஜய் ஈஸ்வரன் இணைந்து நிறுவிய கியூ.ஐ. குழுமம் பொறுப்பேற்க, குழு பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயருடன் 2019இல் சூப்பர் லீக்கில் கால் பதித்தது. இறுதிக் காலத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர் எவருமின்றி உள்நாட்டு இளைஞரை மட்டுமே கொண்டு அது களமிறங்கியது. நான்கு பருவங்கள் நாட்டின் உச்ச லீக்கில் தாக்குப்பிடித்தது சிறிய சாதனையன்று. ஆயினும் 2022ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் அக்குழு லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. தாழ்நிலைக்கு இறக்கப்பட்டதால் அது மறையவில்லை. ஆடும் தகுதியைத் திடலில் காத்துக்கொண்ட நிலையிலேயே மறைந்தது.

இது ஒரு குழுவின் கதை மட்டுமன்று. நிலக் குடியேற்ற வாரியமான ஃபெல்டாவின் ஆதரவில் ஆடிய ஃபெல்டா யுனைடெட் 2020ஆம் ஆண்டின் இறுதியில் கலைந்தது. 2023ஆம் ஆண்டுப் பருவத்துக்கு மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் ஆகிய இரண்டுக்கும் உரிமம் மறுக்கப்பட்டது. 2025இல் பேராக், ஶ்ரீ பகாங் ஆகிய பழம்பெரும் பெயர்களும் சூப்பர் லீக்கை விட்டு விலகின.

கடல் கடந்தும் நிலைமை வேறன்று. ஸ்காட்லாந்தின் சிற்றூர்க் குழுவான கிரெட்னா, புரூக்ஸ் மைல்சன் என்னும் செல்வந்தரின் பணத்தால் 2005 முதல் 2007 வரை ஆண்டுக்கொரு படியாக மூன்று படிகள் ஏறியது. 2006இல் ஸ்காட்டிஷ் கிண்ண இறுதியாட்டத்தில் பெனால்டி உதைகளில்தான் தோற்றது. மைல்சன் நோயுற்று 2008இல் பண உதவி நின்றதும், அதே ஆண்டில் குழுவும் கலைந்தது.

வேண்டுவது யாது?

இவற்றைக் கொண்டு செல்வந்தர்களைக் குறைகூறுதல் நீதியாகாது. அவர்கள் தந்திராவிடில் பல இளைஞர்களுக்குச் சம்பளமும் பயிற்சியும் கிட்டியிரா. பிழை கொடுப்பதில் இல்லை. கொடையையே அடித்தளமாகக் கொண்டு வீடு கட்டுவதில் இருக்கிறது. புரவலரின் பணத்தால் உயர்ந்த சம்பளம், அவர் சென்ற பின்னும் ஒப்பந்தத்தில் நிற்கிறது. அதைச் செலுத்தும் வருவாய் மட்டும் நிற்பதில்லை.

மாற்று வழிகள் இல்லாமற் போகவில்லை. ஜெர்மனியில் 1998 முதல் நடைமுறையில் உள்ள "50+1" விதி, குழுவின் வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர்களின் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு. இங்கிலாந்தில் விம்பிள்டன் குழு வேறு நகருக்குப் பெயர்க்கப்பட்டபோது, ரசிகர்கள் 2002இல் தாங்களே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்னும் புதுக்குழுவைத் தொடங்கினர். ஒன்பதாம் நிலையில் ஆடத் தொடங்கிய அது, 2011இல் நான்காம் நிலையான கால்பந்து லீக்கை எட்டியது. மெதுவாக ஏறியது, ஆனால் விழவில்லை.

மலேசியத் தமிழர் இதற்காக வெளிநாட்டை நோக்க வேண்டிய அவசியமும் இல்லை. பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டம் வாங்கிய சமுதாயம் இது. வட சிலாங்கூரின் குடியிருப்புகளில் இன்று ஒரு குழு தொடங்குவோர் செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. உறுப்பினர் சந்தாவை முதலாகக் கொள்ளுதல், கணக்கை ஆண்டுதோறும் பொதுவில் வைத்தல், திடலுக்கு எழுத்து மூலமான உரிமை பெறுதல், புரவலரின் நன்கொடையைச் சம்பளத்துக்கன்றி இளையோர் பயிற்சிக்கும் நிலையான உடைமைக்கும் செலவிடுதல் ஆகியவையே அவை. அவ்வாறு அமையும் குழு உச்ச லீக்கை எட்டாமற் போகலாம். ஆயினும், ஒருவர் கையை எடுத்ததும் மறைந்துவிடாது; அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கும் அங்கே ஒரு பந்தும் ஒரு திடலும் காத்திருக்கும்.