இறந்தோருக்கென வாங்கிய நிலம்
வோக்கிங் நகரின் சுற்றுலாத் தலங்கள் சொல்லும் வரலாறு

மாணவரைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவானது. பிள்ளைகள் கட்டிடத்தைப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், சாப்பிடுவார்கள், திரும்பி விடுவார்கள். "இது ஏன் இந்த இடத்தில் இருக்கிறது?" என்று கேட்கும் பிள்ளை அபூர்வம். வரலாற்றுப் பாடமோ அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் கேள்வியோடு இங்கிலாந்தின் ஒரு நகரத்தைச் சுற்றிவரலாம் என்று எண்ணுகிறேன். அந்நகரை நான் நேரில் கண்டவனல்லன். தேசப்படமும் நூல்களுமே எனக்கு வழிகாட்டிகள்.

லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து தென்மேற்கே செல்லும் புகையிரதம் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் வோக்கிங்கை அடைகிறது. சரே மாகாணத்தில் உள்ள இந்நகருக்கு ஒரு நாட் பயணமாக வருவோர் கால்வாய்க் கரையில் நடக்கலாம். 2007இல் திறக்கப்பட்ட 'லைட்பொக்ஸ்' நூதனசாலையைப் பார்க்கலாம். ஹோர்செல் பொதுவெளியில் பைன் மரங்களிடையே உலாவலாம். ஷாஜஹான் பள்ளிவாசலுக்கும், அமைதிப் பூங்காவுக்கும், அடுத்த புகையிரத நிலையமான புரூக்வூட்டில் உள்ள பெரும் மயானத்துக்கும் செல்லலாம். பள்ளிவாசலும் மயானமும் தொடர்பற்றவை போலத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

1838இல் இங்கு புகையிரத நிலையம் அமைந்தபோது சுற்றிலும் தரிசு நிலமே கிடந்தது. பழைய வோக்கிங் கிராமம் சற்றுத் தொலைவில் இருந்தது. அக்காலத்தில் லண்டனில் வாழ்வோருக்கு மட்டுமல்ல, மரணித்தோருக்கும் இடமில்லை. 1801க்கும் 1851க்கும் இடையில் அந்நகரின் சனத்தொகை இரண்டு மடங்கையும் தாண்டியது. தேவாலய முற்றங்களிலிருந்த புதைகுழிகள் நிரம்பி வழிந்தன. 1848-49இல் பரவிய கொலரா ஆயிரக்கணக்கானோரைக் கொண்டு சென்றது. இந்த நெருக்கடியிலேதான் 'லண்டன் நெக்ரோபொலிஸ்' என்ற கம்பனி தோன்றியது. 1852இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் அனுமதி பெற்று, வோக்கிங் தரிசில் 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை அது வாங்கியது. புரூக்வூட் மயானம் 1854 நவம்பரில் திறக்கப்பட்டது.

ஜனாஸாக்களைச் சுமந்து வர லண்டனிலிருந்து தனிப் புகையிரதமே ஓடியது. அதில் மூன்று வகுப்புகள் இருந்தன. இங்கிலாந்துத் திருச்சபையினருக்கு ஒரு நிலையமும், ஏனையோருக்கு மற்றொரு நிலையமும் மயானத்தினுள்ளேயே இருந்தன. துக்கத்தில் வந்தவர்களுக்குப் போக வரவும், பெட்டியில் இருப்பவருக்கு ஒருவழி மட்டும் செல்லுபடியாகவும் டிக்கட் வழங்கினார்கள். சிரிப்பு மூட்டும் செய்திதான், ஆயினும் மரணத்தின் பின்னும் வகுப்பு பார்த்த ஒரு சமூகத்தின் முகம் அதில் தெரிகிறது. 1941 ஏப்ரலில் லண்டன் முனையத்தின் மீது குண்டு வீழ்ந்ததோடு அந்தச் சேவை முடிவுக்கு வந்தது.

கம்பனி வாங்கிய நிலத்தில் ஒரு பகுதியே மயானமாயிற்று. எஞ்சியதை விற்க அது முயன்றது. அப்படிக் கைமாறிய நிலத்தில் முதுமையடைந்த நாடக நடிகர்களுக்கென 'ரோயல் டிரமட்டிக் கல்லூரி' எழுந்தது. பணமின்மையால் அது 1877இல் மூடப்பட, வெறுமையாய்க் கிடந்த கட்டிடத்தை 1884இல் வாங்கியவர் கலாநிதி லைட்னர். ஹங்கேரியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதிலேயே அரபும் துருக்கியும் கற்று, லாகூர் அரசாங்கக் கல்லூரியின் அதிபராகப் பணியாற்றியவர் அவர். கீழைத்தேயக் கல்விக்கு அங்கே ஒரு நிறுவனம் அமைத்த அவர், முஸ்லிம் மாணவர் தொழுவதற்கு ஒரு பள்ளிவாசலும் வேண்டுமெனக் கருதினார். போபாலை ஆண்ட ஷாஜஹான் பேகம் அதற்குப் பொருளுதவி செய்தார். வில்லியம் ஐசக் சேம்பர்ஸ் என்ற கட்டிடக் கலைஞரின் திட்டப்படி 1889இல் திறக்கப்பட்டது அந்தச் சிறிய பள்ளிவாசல். பிரித்தானியாவில் பள்ளிவாசலாகவே கட்டப்பட்ட முதற் கட்டிடம் அதுவே.

ஆக, நமது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. லண்டனின் மையித்துகளுக்கென வாங்கிய நிலத்தில் மிஞ்சியதே நடிகர்களின் விடுதியாகி, கல்வி நிலையமாகி, பள்ளிவாசலாயிற்று.

எனினும் கட்டிடம் எழுந்ததோடு கதை முடியவில்லை. 1899இல் லைட்னர் காலமானார். கல்வி நிறுவனம் மூடப்பட்டது. பின்னர் அதன் கட்டிடம் தொழிற்சாலையாக மாறியது. பள்ளிவாசலோ பல ஆண்டுகள் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. லாகூரிலிருந்து வந்த வழக்கறிஞர் குவாஜா கமாலுத்தீன் 1913இல் அதற்கு மீண்டும் உயிரூட்டினார். அவர் லாகூர் அஹ்மதிய்யா இயக்கத்தைச் சேர்ந்தவர் என்பதை நம்மில் பலர் அறிவோம். கொள்கை வேறுபாடு ஒருபுறமிருக்க, பூட்டிய கதவைத் திறந்தவர் யாரென்பதை வரலாறு மறைக்க முடியாது. 1960களின் பின்னர் பள்ளிவாசல் ஸுன்னி முஸ்லிம்களின் பொறுப்பில் வந்தது. 2018இல் அது பிரித்தானியாவின் முதலாந்தரப் பாதுகாப்புப் பெறும் கட்டிடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

அடுத்தது ஹோர்செல் பொதுவெளி. எச். ஜி. வெல்ஸ் 1895இல் வோக்கிங்கில் குடியேறி, செவ்வாய்க் கிரகத்தார் பூமிமீது படையெடுக்கும் தமது புகழ்பெற்ற நாவலை அங்கேதான் எழுதினார். 1898இல் நூலாக வந்த அக்கதையில் அந்நியரின் முதற் கலம் வந்து வீழ்வது இப்பொதுவெளியின் மணற்குழியில். அவர்களின் தாக்குதலில் பள்ளிவாசலின் உச்சி தகர்வதாகவும் அவர் எழுதியிருக்கிறார். அந்நாவலின் நூற்றாண்டை ஒட்டி 1998இல் நகர மத்தியில் நிறுவப்பட்ட உயரமான உலோகச் செவ்வாய்ச் சிலையின் கீழ் நின்று படமெடுக்காத பயணிகள் குறைவு.

அதே பொதுவெளியின் ஓரத்தில் கற்பனையல்லாத ஒரு யுத்தத்தின் சுவடும் உண்டு. முதலாம் உலக மகா யுத்தத்தில் பிரான்ஸ் களத்தில் காயமுற்ற இந்தியப் படையினர் இங்கிலாந்தின் தென்கரை வைத்தியசாலைகளுக்கு, குறிப்பாகப் பிரைட்டனுக்கு, கொண்டுவரப்பட்டனர். அங்கு மரணித்த முஸ்லிம்கள் வோக்கிங்கில் நல்லடக்கம் செய்யப்பட்டனர். முஸ்லிம் வீரர்கள் அவர்களது மார்க்க முறைப்படி அடக்கப்படுவதில்லை என்று ஜேர்மனி பிரசாரம் செய்தது. பள்ளிவாசலின் இமாம் மௌலவி ஸத்ருத்தீனும் தக்கதொரு மையவாடி வேண்டுமென யுத்த அமைச்சை வற்புறுத்தினார். வளைவு வாசலும் குவிமாடமும் கொண்ட மதிலுடன் கூடிய மையவாடி 1917 அளவில் பூர்த்தியாயிற்று. அதனை வடிவமைத்தவர் ஹெர்பர்ட் வின்னி. மரியாதையும் அரசியல் தேவையும் சேர்ந்தே அந்த மதிலை எழுப்பின. இரண்டில் ஒன்றை மட்டும் சொன்னால் அது பாதி வரலாறே.

இரண்டு உலக யுத்தங்களையும் சேர்ந்தோர் அங்கு உறங்கினர். யுத்தங்கள் ஓய்ந்தபின் தேவை போயிற்று, கவனிப்பும் போயிற்று. விஷமிகள் கப்றுகளைச் சேதப்படுத்தினர். எனவே 1968இல் அங்கிருந்தோர் தோண்டியெடுக்கப்பட்டு புரூக்வூட் இராணுவ மயானத்துக்கு மாற்றப்பட்டனர். எந்த மரியாதையை நிரூபிப்பதற்காக அந்த மதில் எழுப்பப்பட்டதோ, அதை அரை நூற்றாண்டுக்கு அப்பால் அதனாற் காக்க முடியவில்லை. வெறும் மதில்கள் பாழடைந்து நின்றன. பின்னர் அவை செப்பனிடப்பட்டு, 2015 நவம்பரில் அமைதிப் பூங்காவாகத் திறக்கப்பட்டன. 27 வீரர்களின் நினைவாக இமயமலைப் பேர்ச் மரங்கள் 27 அங்கே நிற்கின்றன.

புரூக்வூட்டில் முஸ்லிம்களுக்கெனத் தனிப் பகுதியும் உண்டு. 1936இல் மறைந்த மர்மடியூக் பிக்தாலும், 1953இல் மறைந்த அப்துல்லாஹ் யூசுப் அலியும் அங்கே அடங்கியுள்ளனர். குர்ஆனை ஆங்கிலத்தில் தந்த இவ்விருவரின் மொழிபெயர்ப்புகளும் உலகெங்கும் முஸ்லிம் வீடுகளில் இருக்கின்றன. ஆனால் யூசுப் அலி தமது இறுதி நாட்களில் லண்டனில் ஆதரவற்று, வறுமையில் அலைந்து மரணித்தார். பள்ளிவாசலுக்கு இடந்தேடிய லைட்னரும் அதே புரூக்வூட்டில்தான் அடக்கப்பட்டிருக்கிறார். 2014இல் வோக்கிங் நகரசபை அந்த மயானத்தையே பொறுப்பேற்றது.

இவ்வூரின் காட்சித் தலங்கள் ஒவ்வொன்றையும் கட்ட ஓர் அரசியின் கொடையோ, ஒரு கம்பனியின் இலாபமோ, ஒரு பேரரசின் அவசரமோ போதுமாயிருந்தது. அவற்றை நிலைக்க வைத்தது அதுவன்று. லைட்னர் போனதும் பள்ளிவாசல் பூட்டப்பட்டது, தொழ ஆட்கள் வந்ததும் திறந்தது. யுத்தம் முடிந்ததும் மையவாடி பாழாயிற்று, நினைக்க ஆட்கள் வந்ததும் பூங்காவாயிற்று. இன்று அந்த வளைவு வாசலால் நுழைகிறவர் காண்பது 27 மரங்களை. கப்று ஒன்றேனும் அங்கில்லை. மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் முதலில் சொல்லவேண்டியது அந்த வெறுமையின் காரணத்தைத்தான். படமெடுப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.