சுழல் எஞ்சினிலிருந்து தலைவர் பதவிக்கு: கெனிச்சி யமமோட்டோவும் மாஸ்டாவும்

முன்னுரை

மாஸ்டா நிறுவனத்தின் வரலாற்றை எழுதுவோர் கெனிச்சி யமமோட்டோவை (1922–2017) சுழல் எஞ்சினின் தந்தை என்று போற்றுவது வழக்கம். அந்த எஞ்சினைக் கண்டுபிடித்தவர் ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கெல். அதை நம்பிச் சாலையில் ஓட்டக்கூடியதாக ஆக்கியதே யமமோட்டோவின் பங்கு. எனினும், அவரைத் தலைமைக்குத் தகுதியாக்கியது அந்த எஞ்சினின் வெற்றி மட்டுமன்று. அதன் எல்லையை அவர் உணர்ந்ததும்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பட்டறையும் ஆய்வுத் துறையும்

டோக்கியோவில் இயந்திரப் பொறியியல் படித்த யமமோட்டோ, 1946இல் ஹிரோஷிமாவின் டோயோ கோக்யோ நிறுவனத்தில் சேர்ந்தார். மாஸ்டாவின் அன்றைய பெயர் அது. மூன்று சக்கரச் சரக்கு வண்டிகளுக்குப் பாகங்கள் பொருத்தும் தொழிலாளியாகவே அவர் வேலையைத் தொடங்கினார்.

1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய அரசு கார் நிறுவனங்களை ஒருசில குழுமங்களாக இணைக்க எண்ணியது. தனித்து நிற்க வேண்டுமானால் பிறரிடம் இல்லாத தொழில்நுட்பம் வேண்டும் என்று கருதிய நிறுவனத் தலைவர் சுனேஜி மட்சுடா, ஜெர்மனியின் என்.எஸ்.யு. நிறுவனத்திடம் சுழல் எஞ்சினுக்கான உரிமம் பெற்றார். 1963இல் அமைந்த ஆய்வுத் துறைக்கு யமமோட்டோ தலைவரானார். அவரது குழு 47 பேர் கொண்டது. ஜப்பானியர் போற்றும் 47 ரோனின் வீரர்களோடு அதை ஒப்பிட்டனர்.

சீல் தந்த சோதனை

இந்த எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருவதில்லை. முக்கோண வடிவச் சுழலி ஒன்று கூட்டுக்குள் சுற்றுகிறது. அதன் மூன்று முனைகளிலும் உள்ள சீல்கள் வாயு கசியாமல் காக்க வேண்டும். ஆனால் வேகம் கூடியபோது அவை அதிர்ந்து, குரோம் பூசிய உட்சுவரில் வரிவரியாகக் கீறல் போட்டன. பொறியாளர்கள் அவற்றைப் 'பிசாசின் நகக்கீறல்' என்றனர். பல பொருள்களைச் சோதித்த பின், அலுமினியம் ஊட்டிய கார்பன் சீல் கைகொடுத்தது. 1967இல் சுழல் எஞ்சின் பொருத்திய காஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது.

நெருக்கடியும் மறுவரையறையும்

1973இன் எண்ணெய் நெருக்கடி நிலைமையைத் தலைகீழாக்கியது. பெட்ரோலை அதிகம் குடிக்கும் எஞ்சின் என்ற பெயரால் அமெரிக்க விற்பனை சரிந்தது. நிறுவனத்தைக் காப்பாற்ற சுமிட்டோமோ வங்கி தலையிட வேண்டியதாயிற்று. யமமோட்டோவும் சக பொறியாளர்களும் எஞ்சினைக் கைவிடவில்லை. எரிபொருள் சிக்கனத்தை 40 விழுக்காடு உயர்த்தும் இலக்கோடு 'ஃபீனிக்ஸ்' திட்டத்தில் இறங்கினர்.

அதைவிட முக்கியமான மாற்றம் வேறு. எல்லாக் கார்களுக்கும் சுழல் எஞ்சின் என்ற பழைய கனவு விலகி, 1978இல் வந்த ஆர்.எக்ஸ்-7 போன்ற விளையாட்டுக் கார்களே அதன் களமாயின. அன்றாடக் காருக்குப் பிஸ்டன் எஞ்சின் போதும் என்றானது. அத்தகைய 1980இன் ஃபமிலியா கார் நன்றாக விற்று நிறுவனத்தை நிமிர்த்தியது.

தலைமைக் காலம்

1984இல் யமமோட்டோ தலைவரானார். நிறுவனம் மாஸ்டா மோட்டார் கார்ப்பரேஷன் எனப் பெயர் மாறியதும் அதே ஆண்டில்தான். ஓட்டுபவரின் உணர்வையும் பொறியியல் கணக்கில் கொள்ள வேண்டும் என்று 1986இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவர் பேசினார். அவர் காலத்தில் ஒப்புதல் பெற்ற சிறிய திறந்த கார் எம்.எக்ஸ்-5, 1989இல் வெளிவந்தது. அதிலிருந்ததும் சாதாரணப் பிஸ்டன் எஞ்சின்தான்.

முடிவுரை

1991இல் நான்கு சுழலிகள் கொண்ட மாஸ்டாவின் 787பி கார், லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்றது. அங்கு வென்ற முதல் ஜப்பானியக் கார் அதுவே. பந்தயத்துக்குச் சுழல் எஞ்சின், எம்.எக்ஸ்-5க்குப் பிஸ்டன் என்ற பிரிவினையில் யமமோட்டோவின் தலைமை தெளிவாகிறது. தம் வாழ்நாள் உழைப்பையே எங்கும் புகுத்தாமல், அது எங்கே பொருந்தும் என்று பார்த்தவர் அவர்.